ஓட்டிப் பார்க்கணும் என்று கேட்டால் அது அவமானமா?



நம் பள்ளி முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக நடக்கிற சண்டையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவன் தன் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய கிராபிக்ஸ் கார்டை விற்கப் படம் போட்டான். இன்னொருவன், "நான் எடுத்துக்கறேன்டா, வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டான். கேட்டது இவ்வளவுதான். அதற்கு, "என் மேலயே சந்தேகமா? ஒரே பெஞ்சுல உட்கார்ந்து படிச்சவங்கடா நாம" என்று பதில். அப்புறம் ஆளாளுக்கு ஒரு கட்சி. இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். "டீச்சர், நீங்க ஏன் ஒண்ணும் சொல்லாம இருக்கீங்க?" என்று தனியாக எனக்குச் செய்தி அனுப்பினவர்களும் உண்டு.

சொல்லிவிடுகிறேன். பெயர் எழுத மாட்டேன், உரியவர்களுக்குத் தெரியும். ஓட்டிப் பார்க்கக் கேட்டவன் செய்தது சரி. அதை அவமானமாக எடுத்துக்கொண்டவன் செய்தது தவறு. பக்கத்தில் நின்றுகொண்டு "நமக்குள்ள என்னப்பா சோதனை, விடு" என்று சமாதானம் பேசினவர்கள் செய்தது அதைவிடத் தவறு. ஏன் என்று எழுதுகிறேன். நீளமாக இருக்கும். வகுப்பில் என் பாடம் மணி அடித்தும் முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததா?

முதலில் என் வயது அத்தைமார், சித்திமாருக்காக இரண்டு வரி. கிராபிக்ஸ் கார்டு என்பது கம்ப்யூட்டருக்குள் செருகுகிற தனிப் பலகை. திரையில் படம் வரைவதுதான் அதன் வேலை. அதற்கென்று தனி மூளை, தனி நினைவகம், தனிக் காற்றாடி எல்லாம் உண்டு. பையன்கள் கேம் விளையாட மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள். வீடியோ எடிட்டிங், அனிமேஷன், கட்டட வரைபடம், இப்போது இந்த ஏஐ படிப்பு எல்லாவற்றுக்கும் இது வேண்டும். புதிதாக வாங்கினால் விலையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேர்ந்து மாத பட்ஜெட்டைச் சாப்பிட்டுவிடும். அதனால் பிள்ளைகள் பழையதைத் தேடிப் போகிறார்கள். அதில் தப்பே இல்லை.

"டீச்சர் எட்டாம் வகுப்பு வரைக்கும் பாடம் எடுத்தவங்க, இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிச்சம் இருப்பது நேரம்தான். என் மகன் விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு சொந்தத்தில், அக்கம்பக்கத்தில் யார் பழைய கார்டு வாங்கப் போனாலும் துணைக்குக் கூட்டிப்போகிறார்கள். வயதான பெண்ணொருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் விற்கிறவர் பாதிப் பொய்யை விழுங்கிவிடுகிறார் என்பது நான் கண்ட உண்மை.

இப்போது என் கோபத்துக்குக் காரணம்.

என் தங்கையின் பேரன் கோயம்புத்தூரில் அனிமேஷன் படிக்கிறான். என்னை அம்மிச்சி என்று கூப்பிடுவான். அவன் அம்மா ஏலச்சீட்டு எடுத்த பணத்தில் 11,500 ரூபாயை அவன் கையில் கொடுத்து, "இதுக்கு மேல என்கிட்ட இல்ல சாமி" என்று சொல்லி அனுப்பினாள். விளம்பரம் பார்த்து, போனில் பேசி, ஒரு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் வாங்கப் போனான். விற்கிறவர் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை, பேருந்து நிலையம் பக்கம் வரச் சொன்னார். அட்டைப் பெட்டி இருந்தது. கார்டு சுத்தமாகத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஓடுகிற மாதிரி ஒரு வீடியோவும் காட்டினார். பையன் தயங்கித் தயங்கி, "எங்கயாவது போட்டுப் பாத்துட்டு வாங்கிக்கலாமாங்ணா?" என்று கேட்டிருக்கிறான். "ஏன் தம்பி, நம்பிக்கை இல்லையா? உன்னை என் தம்பி மாதிரி நினைச்சுத்தான் இந்த விலைக்குத் தர்றேன்" என்றிருக்கிறார் அந்த மனுஷன்.

பையன் வெட்கப்பட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து மாட்டினால் இருபது நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு திரையெல்லாம் கலர் கலராகக் கட்டம், அப்புறம் கறுப்பு. பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனபோது கூலரைக் கழற்றிக் காட்டினார். சிப்பைச் சுற்றி ஃபிளக்ஸ் காய்ந்து கிடந்தது. செத்த கார்டைச் சூடு காட்டி உயிர் வர வைத்து, அந்த உயிர் போவதற்குள் விற்றிருக்கிறார்கள். போன் போட்டால் சுவிட்ச் ஆஃப்.

பணம் போனதைவிட எனக்கு வலித்தது வேறு. வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாம் "படிச்ச பையன், இப்படியா ஏமாறுவான்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் ஏமாளி இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறான். "நம்பிக்கை இல்லையா?" என்ற இரண்டு சொல்தான் அவன் வாயை அடைத்தது. திருடனுக்குச் சாவியும் வேண்டாம், கடப்பாரையும் வேண்டாம், இந்த ஒரு கேள்வி போதும். அதே கேள்வியை நம் குழுவில், நம் பிள்ளைகளில் ஒருவனே, நல்லவனே கேட்கும்போது எனக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்? நல்லவன் இந்தக் கேள்வியைக் கேட்கக் கேட்க, அதைத் திருடன் கேட்கும்போதும் அது நியாயம் மாதிரி ஆகிவிடுகிறது.

நம் தாத்தாக்கள் பொள்ளாச்சிச் சந்தையில் மாடு வாங்கினதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நடக்க விட்டு, திருப்பி, மறுபடி நடக்க விடுவார்கள். கறவை மாடு என்றால் ஒரு வேளை கறந்து பார்த்ததோடு விடமாட்டார்கள். முதல் வேளை கறக்காமல் மடியில் பாலைத் தேக்கி வைத்து, அடுத்த வேளை ஆறு லிட்டர் கறக்குது பார் என்று காட்டுகிற வித்தை எல்லாருக்கும் தெரியும். அதனால் காலையும் மாலையும் கறந்து அளந்து பார்த்துத்தான் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவார்கள். விற்கிறவர் சொந்த மாமனாகவே இருந்தாலும் பல் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். அந்த மாமனும் கோபித்துக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாட்டைச் சோதிப்பது மாமனைச் சோதிப்பது ஆகாது என்கிற தெளிவு பள்ளிக்கூடம் போகாத அவர்களுக்கு இருந்தது. இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு எங்கே போயிற்று?

சட்டமும் இதையேதான் சொல்கிறது. சரக்கு விற்பனைச் சட்டம் என்று 1930-இல் போட்ட சட்டம் ஒன்று இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. அதன் 41-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரையில், வாங்குகிறவர் கேட்டால், பொருள் பேசினபடி இருக்கிறதா என்று பார்க்க நியாயமான வாய்ப்பை விற்கிறவர் கொடுத்தே ஆக வேண்டும். அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு இன்னொரு பக்கத்தைச் சொல்கிறது. அந்தப் பொருளைத் தொழிலாக விற்காத தனியாளிடம் வாங்கினால், தரத்துக்குச் சட்டம் தானாக உத்தரவாதம் தருவதில்லை, வாங்குகிறவன்தான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பார்த்து வாங்குவது உன் பொறுப்பு என்று ஒரு கையால் சொல்லி, பார்க்க உனக்கு உரிமை உண்டு என்று மறு கையால் கொடுக்கிறது. பார்க்கவே விடமாட்டேன் என்றால் என்ன நியாயம்?

விற்கிறவன் பக்கமும் குறை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்கு வருகிறான். "பாத்துட்டுச் சொல்றேன்" என்று இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டுப் பாதி விலைக்குக் கேட்கிறான். கார்டைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருந்த செத்த கார்டைத் திருப்பித் தருகிறவனும் இருக்கிறான். பணம் அனுப்பிவிட்டதாகப் பொய்யான ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறவனும் இருக்கிறான். எல்லாம் உண்மை. இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான்: விற்கிறவர் வீட்டில், விற்கிறவர் கம்ப்யூட்டரில், விற்கிறவர் கண் முன்னால் ஓட்டிப் பார்ப்பது. கார்டு வாசலைத் தாண்டாது. விலையைப் போவதற்கு முன்பே போனில் பேசி முடித்துவிட வேண்டும், சோதனையில் குறை தெரியாவிட்டால் பேசின விலையைக் கொடுக்க வேண்டும். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு "ஆயிரம் குறைச்சுக்குங்க" என்று ஆரம்பிக்கிறவர்களை நானே எழுப்பிக் கூட்டிவந்திருக்கிறேன். வரிசை எண் ஸ்டிக்கரை இரண்டு பேரும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் நாளைக்கு இது அது இல்லை என்ற பேச்சே வராது.

விற்கிறவர் ஏற்கெனவே கார்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார், கம்ப்யூட்டரையும் விற்றுவிட்டார் என்றால்? ஊரில் கம்ப்யூட்டர் கடை இல்லாத இடம் இல்லை. கடைக்காரருக்கு ஏதாவது கொடுத்தால் ஒரு மணி நேரம் மேசையைத் தருவார். சென்னையில் இருக்கிறவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. இதற்கும் வரமாட்டேன் என்கிறவரிடம் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, ஓட்டிப் பார்ப்பது என்றால் என்ன? விண்டோஸ் வந்துவிட்டது, படம் தெரிகிறது, சரி என்று எழுந்து வருவது சோதனை இல்லை. அது தேங்காயைத் தட்டாமல் வாங்குகிற கதை.

போவதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. கார்டின் முன்பக்கம், பின்பக்கம், கேபிள் செருகுகிற வாய்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு தாளில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதி வைத்து. இணையத்தில் கிடைத்த படத்தை அனுப்புகிறவன் அங்கேயே கழன்றுகொள்வான். உங்கள் வீட்டு எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்றும் பாருங்கள். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும், 6-பின் இணைப்பு இன்னொரு 75, 8-பின் என்றால் 150. கார்டு எத்தனை வாட் கேட்கிறது, உங்களிடம் அந்தப் பின் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கிவந்து, கம்ப்யூட்டர் பாதியில் அணைந்ததும் "ஏமாத்திட்டான்" என்று விற்றவனைத் திட்டின ஒரு மாப்பிள்ளையை எனக்குத் தெரியும். பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள், என்விடியா 10 வரிசையிலிருந்தே அந்த அனலாக் வெளியீடு கிடையாது.

அங்கே போனதும் முதலில் கண்ணால் பாருங்கள், வெளிச்சத்தில், திருப்பித் திருப்பி. ஸ்லாட்டில் கொக்கி மாட்டுகிற முனைப் பக்கம் பலகையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்பது முக்கியம். கனமான கார்டுகள் தாங்கு இல்லாமல் வருடக்கணக்கில் தொங்கினால் அந்த இடத்தில்தான் விரியும். மின் இணைப்பு வாயில் கருகின நிறமோ வாடையோ இருந்தால் வேண்டாம். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிற கார்டு என்றால் துரு பாருங்கள், உப்புக் காற்று யாரையும் விடாது. காற்றாடியை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள், தடை இல்லாமல் சுற்ற வேண்டும், ஆடக் கூடாது. ஸ்குரூ தலை தேய்ந்திருந்தால் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். திறந்ததே குற்றம் ஆகாது, பேஸ்ட் மாற்றியிருக்கலாம். கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளிடம் "வீட்டுப்பாடம் எங்கே?" என்று கேட்டவளுக்கு, பதிலில் இருக்கிற பொய் தனியாகத் தெரியும்.

அடுத்து, பெயர் ஒன்று ஆள் ஒன்று என்கிற மோசடி. ஜிபியு-இசட் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. அதை ஓட்டினால் உள்ளே இருக்கிற சிப் எது, எத்தனை கோர், எவ்வளவு நினைவகம் எல்லாம் காட்டும். பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ மாதிரியான சிப்பை எடுத்து, உள்ளே பயாஸை மாற்றி, 1050 டிஐ என்று பெயர் சொல்ல வைத்து விற்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பெயரைத்தான் நம்பிக் காட்டும். ஆனால் உண்மையான 1050 டிஐயில் 768 கோர், அந்தப் பழையதில் 192. ஜிபியு-இசட் இந்த மாதிரிப் பல போலிகளைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் போலி என்றே போட்டுவிடும். மோசடி இல்லாமலேயே பெயரில் குழப்பம் உண்டு. ஆர்எக்ஸ் 580 என்றால் 2304, ஆனால் 2048 மட்டுமே இருக்கிற 580 ஒன்றையும் கம்பெனியே வெளியிட்டிருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1060 இல் 6 ஜிபி கார்டுக்கு 1280, 3 ஜிபிக்கு 1152. ஆர்டிஎக்ஸ் 3060 இல் 12 ஜிபியும் உண்டு, 8 ஜிபியும் உண்டு, இரண்டும் வேகத்தில் ஒன்றில்லை. எந்தக் கார்டு வாங்கப் போகிறீர்களோ அதன் எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிட் அடிப்பதற்கு நான் அனுமதி கொடுக்கிற ஒரே தேர்வு இது.

அப்புறம்தான் ஓட்டம். எத்தனை நேரம்? ஒரு பீரியட். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். இதில் நான் ஒரு நிமிடம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். தங்கை பேரன் கார்டு இருபது நிமிடம் ஓடியது, மறந்துவிடாதீர்கள். சூடு காட்டி எழுப்பின கார்டு குளிர்ச்சியாக இருக்கும்போது நல்ல பிள்ளை மாதிரிதான் நடந்துகொள்ளும், முழுச் சூடு ஏறினால்தான் சாயம் வெளுக்கும். ஃபர்மார்க் பத்து நிமிடம், ஓசிசிடியில் நினைவகச் சோதனை, அதில் ஒரு பிழைகூட வரக் கூடாது, பிறகு மிச்ச நேரம் ஏதாவது கனமான கேமோ யுனிஜின் ஹெவனோ ஓடட்டும். திரையில் புள்ளி, கோடு, கட்டம், மின்னல் ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். ஒரு தடவை வந்தாலும் வந்ததுதான், "டிரைவர் பிரச்சனை ப்ரோ" என்பதை நம்பாதீர்கள். பக்கத்தில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ திறந்து வைத்துச் சூட்டைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் 80 டிகிரிக்குப் போவது பெரிய விஷயம் இல்லை. ஹாட்ஸ்பாட் என்று காட்டுகிற சூடு சாதாரணச் சூட்டைவிட 30 டிகிரிக்கு மேல் அதிகமாக இருந்தால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது கூலர் சரியாக உட்காரவில்லை. அதைச் சரி செய்யலாம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

முடித்துவிட்டு, கார்டு சூடாக இருக்கும்போதே அணைத்து மறுபடி போடுங்கள். இரண்டு மூன்று தடவை. ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் வாய்கள் ஒவ்வொன்றிலும் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள், கேபிளை நீங்களே கொண்டுபோங்கள்.

இவ்வளவு சொன்னதும் ஒரு கூட்டம், "டீச்சர், மைனிங் கார்டா இருந்தா?" என்று கேட்கும். மைனிங் என்ற சொல்லைக் கேட்டாலே பேயைக் கண்ட மாதிரி ஓடுகிறார்கள். எத்தீரியம் நாணயத்தைத் தோண்ட ஆயிரக்கணக்கில் கார்டுகளை அடுக்கி ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது, அன்றோடு அந்தக் கார்டுகளுக்கு வேலை போயிற்று, சந்தைக்கு வந்தன. அந்தக் கார்டுகள் இரவு பகலாக ஓடினது நிஜம். ஆனால் பெரும்பாலும் மின்னழுத்தத்தைக் குறைத்து, ஒரே சூட்டில் வைத்து ஓட்டியிருப்பார்கள், மின்கட்டணம் மிச்சம் பிடிக்க. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடின லாரியையும், நின்று நின்று போன டவுன் பஸ்ஸையும் கிலோமீட்டர் கணக்கை மட்டும் வைத்து ஒப்பிடுவீர்களா? தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறிப் போகிற கார்டுக்கும் தேய்மானம் உண்டு. மைனிங் கார்டில் அடிபடுவது காற்றாடியும் நினைவகமும், நினைவகத்தின் மேல் இருக்கிற பேடும். ஏஎம்டி கார்டுகளில் பயாஸை மாற்றி வைத்திருப்பார்கள், புது டிரைவர் போட்டால் அடம் பிடிக்கும், அதையும் அங்கேயே போட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் மேலே சொன்ன ஒரு பீரியட் காட்டிக்கொடுத்துவிடும். மைனிங் கார்டு என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்கிறவனை நான் மதிக்கிறேன். "தங்கச்சி வேர்டு டைப் பண்ண வச்சிருந்தா" என்று சொல்லி ஆர்டிஎக்ஸ் 3080 விற்கிறவனை மதிக்க முடியவில்லை.

இன்னொரு பக்கம் நம் சொந்தத்தில் ஒரு கோஷ்டி. "பழசே வேண்டாம், புதுசே வாங்கு, இல்லாட்டி சும்மா இரு." சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள். பழைய டிராக்டர் வாங்கி உழுகிறவர்கள், பழைய கார் வாங்கிக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள். பெரியவர்கள் வாங்கினால் சிக்கனம், பிள்ளைகள் வாங்கினால் ஊதாரித்தனமா? சும்மா இரு என்றால் படிப்பு என்ன ஆவது? பணம் இருக்கிறவன் பிள்ளைதான் அனிமேஷன் படிக்க வேண்டும் என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பழையதில் எல்லாமே லாபம் என்றும் நான் சொல்லவில்லை. 1050 டிஐ, 1060 இருக்கிற அந்தத் தலைமுறைக்கே என்விடியா 2025 அக்டோபரோடு புதுக் கேம்களுக்கான டிரைவரை நிறுத்திவிட்டது, இனிமேல் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். அதற்கு இன்னும் பழைய விலை சொல்கிறவரிடம் இதைச் சொல்லிப் பேசுங்கள்.

பணம். இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். முன்பணம் கிடையாது. "நிறைய பேர் கேக்கறாங்க, ஆயிரம் போட்டா உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்" என்றால், கேட்கிறவர்களுக்கே கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் ஆகிவிட்டது, பார்சலில் அனுப்புகிறேன்" என்று அடையாள அட்டைப் படத்தோடு வருவது நாடு முழுக்க நடக்கிற மோசடி, சீருடையைப் பார்த்து இளகாதீர்கள். விற்கிறவர்களுக்கும் ஒன்று: பணம் வாங்க ரகசிய பின் நம்பர் தேவையே இல்லை. கியூஆர் ஸ்கேன் பண்ணி பின் போடுங்கள், பணம் உங்களுக்கு வரும் என்று எவன் சொன்னாலும் அவன் உங்கள் பணத்தை எடுக்கத்தான் வழி பார்க்கிறான். பணம் வந்ததா என்பதை வாங்குகிறவன் போனில் பார்க்காதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கில் பாருங்கள்.

வெளியூரிலிருந்து பார்சலில்தான் வாங்க முடியும் என்றால் வாங்காதீர்கள் என்பதே என் முதல் பதில். கூலருக்குள் சிப்பையே காணோம் என்கிற 4090 கார்டுகள்கூட வெளிநாடுகளில் கைமாறியிருக்கின்றன, எடை சரியாக இருக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த ஊரில் நம் சொந்தமோ நம் பள்ளிப் பிள்ளையோ இருந்தால் அவர்களை அனுப்பி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய குழு எதற்கு இருக்கிறது, குட் மார்னிங் அனுப்பவா?

விற்கிற பிள்ளைகளே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பில் இருந்தால் கொடுங்கள். வாரண்டி மிச்சம் இருந்தால் சில கம்பெனிகள் வரிசை எண்ணைப் பார்த்தே செய்துவிடும், சிலது பில் கேட்கும். ஒரு காற்றாடி சத்தம் போடுகிறது என்றால் விளம்பரத்திலேயே எழுதுங்கள். குறையைச் சொன்னால் ஐந்நூறு ஆயிரம் குறையும், குறையட்டும். தெரிந்தே செத்த பொருளை நல்ல பொருள் என்று சொல்லி விற்பது சாமர்த்தியம் இல்லை. பழைய நானூற்று இருபது, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகியிருக்கிறது. எண்தான் மாறியிருக்கிறது.

ஏமாந்துவிட்டவர்களுக்கு: வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். (சட்டம் வந்த வருடமும் 1930, உதவி எண்ணும் 1930. மனப்பாடம் செய்யச் சுலபம்.) எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பேசின செய்திகள், பணம் அனுப்பின விவரம், கார்டின் படம் எதையும் அழிக்காதீர்கள். தங்கை பேரன் ரொக்கமாகக் கொடுத்ததால் இந்த வழியில் ஒன்றும் நடக்கவில்லை, காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பணம் வருமோ வராதோ. எழுதிக் கொடுத்தபோது அவனைத்தான் எழுதச் சொன்னேன், என்ன நடந்தது என்று முதலிலிருந்து, அவன் கையெழுத்தில். அன்றைக்குத்தான் இரவு ஒழுங்காகச் சாப்பிட்டான்.

சோதித்துப் பார்க்க இடம் இல்லாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். ஹாலில் கம்ப்யூட்டர் இருக்கிறது, 650 வாட் எஸ்எம்பிஎஸ், பக்கத்தட்டு கழற்றியே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வாருங்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் சேர்ந்து வர வேண்டும், நாற்பத்தைந்து நிமிடம் உட்கார வேண்டும். காபி உண்டு. கரண்ட் செலவு என்னுடையது.

பி.கு.: இன்ன கார்டுக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், வாரத்துக்கு வாரம் மாறுகிறது, நீங்களே நாலு விளம்பரம் பாருங்கள். குழுவை விட்டுப் போன இருவரையும் அட்மின் இன்றைக்கே திரும்பச் சேர்க்கவும்.